கணக்கில் வராதவர்கள்

லூக்கா நற்செய்தியின் 14 ஆம் அதிகாரத்தில் ஓர் அரசன் வருகிறான். அவனிடம் உள்ள படை பத்தாயிரம். எதிரியின் படை இருபதாயிரம். அவன் அமர்ந்து கணக்குப் பார்க்கிறான். தேறாது என்று கண்டதும் தூதரை அனுப்பிச் சமாதானம் பேசுகிறான். சீடராய் இருப்பதன் விலையை உணர்த்தவே ஆண்டவர் இவ்வுவமையைச் சொன்னார். ஆயினும் அரசர்கள் எப்போது படையைத் திருப்புகிறார்கள் என்பதையும் அவர் அறிந்தேயிருந்தார். நெஞ்சம் இளகும்போது அன்று, கையிருப்புப் போதாதபோது.

1967 நவம்பரில் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்க நேர்ந்தது. 1968 ஜனவரி 16 அன்று பிரதமர் ஹரால்டு வில்சன் செலவுக் குறைப்புகளை அறிவித்தார். சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடா ஆகிய இடங்களிலிருந்த படைகள் 1971 இறுதிக்குள் திரும்பும் என்றார். அதே அறிவிப்பில், கட்டாயக் கல்வி வயதைப் பதினாறாக உயர்த்தும் திட்டமும் இரண்டாண்டு தள்ளிப் போடப்பட்டது. ஏழைப் பிள்ளைகளின் படிப்பில் கைவைப்பதை ஏற்காமல் கத்தோலிக்க அமைச்சரான லாங்போர்டு பிரபு பதவி விலகினார்.

பணமில்லாமல் வந்த சமாதானம் சமாதானமாகுமா? கையில் காசில்லாமையால் குடியை நிறுத்தியவனை நாம் எள்ளி நகைப்பதில்லை. அவன் வீட்டில் அன்றிரவு அடி விழவில்லையே! கடவுளன்பினால் எழும் உத்தம மனஸ்தாபமே சிறந்ததெனினும், தண்டனைக்கு அஞ்சி வரும் மனஸ்தாபத்தையும் ஒப்புரவு அருட்சாதனத்தில் திருச்சபை தள்ளிவிடுவதில்லை. ஆனால் இரண்டிற்கும் ஒரு நிபந்தனை பொது. பிறருக்கு இழைத்த இழப்பை இயன்றவரை ஈடுசெய்தாக வேண்டும். அரசுகளின் கணக்கு இங்கேதான் இடறுகிறது.

சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் மலையாளிகளும் தமிழரும் திரளாக உழைத்தனர். போர்க்கப்பலைப் பழுதுபார்த்தாலும் அவர்கள் தேடியது போரையன்று, பிள்ளைகளின் சோற்றையே. பிரதமர் லீ குவான் யூ இலண்டனுக்குப் பறந்து சென்று மன்றாடிப் பெற்றது சில மாதத் தவணை. நல்லவேளையாக, அங்கிருந்த கப்பல் துறை வணிகக் கப்பல்களுக்கான தளமாக மாறிப் பிழைத்துக்கொண்டது.

சாகோஸ் தீவினருக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. கிழக்கே படையைக் குறைக்க எண்ணிய அதே ஆண்டுகளில், இந்தியப் பெருங்கடலில் உள்ள டீகோ கார்சியாவை அமெரிக்கத் தளத்திற்கென ஒதுக்கித் தந்தது பிரிட்டன். பதிலுக்குப் போலாரிஸ் ஏவுகணைக் கட்டணத்தில் 1 கோடியே 40 இலட்சம் டாலர் தள்ளுபடி பெற்றது. இடைஞ்சலாகத் தோன்றியவர்கள் தீவின் குடிகள் மட்டுமே. ஆப்பிரிக்க அடிமைகளின் வழியிலும் இந்தியத் தொழிலாளரின் வழியிலும் வந்தவர்கள், பெரும்பாலோர் கத்தோலிக்கர். 1973-க்குள் அவர்கள் அனைவரும் மொரீசியசுக்கும் செய்ஷெல்சுக்கும் அகற்றப்பட்டனர். 1982-இல் 40 இலட்சம் பவுன் இழப்பீடு பேசி முடிக்கப்பட்டது. அதைப் பெற வந்தவர்களிடம் உரிமை துறப்புத் தாள்கள் நீட்டப்பட்டன. அவை ஆங்கிலத்தில் இருந்தன. கைநாட்டு இட்டவர்களில் பலருக்கு அம்மொழி தெரியாது. இதனை ஈடுசெய்தல் என்று எந்தக் குருவும் ஏற்கமாட்டார்.

2006-இல் ஏறக்குறைய நூறு பேர் அங்கே சென்று, முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்துவிட்டுத் திரும்பினர். தங்க அனுமதியில்லை. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீசியசும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதன்படி டீகோ கார்சியாவின் தளம் 99 ஆண்டுகள் தொடரும். மற்ற தீவுகளில் மக்களைக் குடியமர்த்தலாம், அத்தீவில் இயலாது. ஒப்பமிட்டவை இரண்டு அரசுகள். தீவினரின் ஒப்பம் அதில் கேட்கப்படவில்லை.