பசி பாவமாகுமா?



மதுரையிலிருந்து இராஜபாளையம் வரும் பஸ்ஸில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் பருமனுக்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டு இருபது நாள் ஆகிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு ஊர் திரும்புகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நிற்கிறது. முன் சீட்டுக்காரர் இறங்கிப் போய்ப் பால்கோவா வாங்கி வந்து பொட்டலத்தைப் பிரிக்கிறார். அந்தத் தாயின் வாயில் நீர் ஊறுகிறது. கண்ணிலும் நீர் வருகிறது. "வயிற்றை அறுத்துக் குறைத்த பிறகும் எனக்குப் பசிக்கிறதே! அப்படியானால் என் நோய் வயிற்றில் இல்லை, ஆத்துமத்தில்தான் இருக்கிறது. நான் திருந்தாத போசனப்பிரியக்காரி" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறாள்.

இவள் இன்னாரென்று யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் இன்று பெரிய நகரங்களில் மட்டும் இல்லை; நம்முடைய ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆகையால் அவள் சொல்லிக்கொண்ட தீர்ப்பு நியாயமானதா என்று நாம் யோசித்துப் பார்ப்பது நல்லது.

தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேசத்தில் படித்தோம். போசனப்பிரியம் அவற்றில் ஒன்று; அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம். ஆனால் பசி அந்த ஏழில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பசியும் தாகமும் உடம்பின் இயற்கையான நாட்டம். அது புத்தியின் கட்டளைக்கு அடங்கியதன்று. ஆகையால் அதில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை என்பது அவர் முடிவு. போசனப்பிரியம் என்பது உணவின் மேல் ஒழுங்கு தப்பிச் செல்லும் ஆசை. பசி கதவைத் தட்டுவது போல. ஆசைக்கு இணங்குவது கதவைத் திறப்பது போல. தட்டுகிறவனுக்காக வீட்டுக்காரன்மேல் வழக்குப் போட முடியுமா? பாவமே அறியாத சேசுநாதர் சுவாமி நாற்பது நாள் ஒருசந்தி இருந்தபின் பசியாயிருந்தார் என்று சுவிசேஷம் கூறுகிறதே. பசி பாவமானால் அவருக்குப் பசித்திருக்குமா?

"அதெல்லாம் சரி, வயிற்றைக் குறைத்த பிறகு பசி ஏன் வரவேண்டும்?" என்று கேட்பீர்கள். இதற்கு வைத்திய சாஸ்திரம் நல்ல பதில் வைத்திருக்கிறது. இரைப்பை ஒரு வெறும் பை அன்று. அதன் மேற்பகுதியில் பசியை மூட்டும் ஒரு சுரப்பு உண்டாகிறது. 1999-ஆம் ஆண்டு ஜப்பான் தேசத்து விஞ்ஞானிகள் கோஜிமா, கங்காவா ஆகியோர் அதைக் கண்டறிந்து கிரெலின் என்று பெயரிட்டார்கள். ஸ்லீவ் என்னும் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல் எடுத்துவிடுகிறார்கள். லிட்டர் கணக்கில் கொண்ட பை, 100 முதல் 150 மில்லி கொள்ளும் குழாயாகிறது. கிரெலின் சுரக்கும் பகுதியும் பெரும்பாலும் போய்விடுவதால் பலருக்கு முதல் சில மாதங்கள் பசி குறைகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. முதல் வாரங்களில் தண்ணீரான ஆகாரம் மட்டுமே கொடுப்பதால் அது சீக்கிரம் இறங்கிவிடுகிறது. அமிலம் சுரப்பதும், போதுமான தண்ணீர் குடியாததும் பசி போலவே தோன்றும். பின்னர் மாதங்கள் செல்லச் செல்ல, அநேகருக்கு உண்மைப் பசியே திரும்பி வருகிறது. ஆகவே பசி வந்தது ஆபரேஷன் தோற்றதற்கு அடையாளமன்று. ஆத்துமம் கெட்டதற்கும் அடையாளமன்று.

உணவு குறைந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதற்கு ஒரு சரித்திர சாட்சி உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில், 1944–45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை நடத்தினார். யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடந்தராத வாலிபர்கள் 36 பேர், பட்டினியால் வாடும் ஜனங்களுக்கு உதவும் வழியை அறிவதற்காகத் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். கொள்கைக்காகச் சிரமத்தை ஏற்றுக்கொண்ட நல்ல பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? பேச்செல்லாம் சாப்பாட்டுப் பேச்சு. கனவெல்லாம் சாப்பாட்டுக் கனவு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி உணவு கொடுத்த பின்னும் பலருக்குப் பசி பல வாரங்கள் அடங்கவில்லை. இவர்களைப் போசனப்பிரியர் என்று யார் சொல்வார்? அப்படியானால் பால்கோவாவைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தாயை மட்டும் ஏன் சொல்லவேண்டும்?

பசியில் குற்றமில்லை என்றால், அதை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. பசி மூன்று விதமாக வரும். முதலாவது, வயிற்றுப் பசி. அது மெல்ல மெல்ல வரும்; பருப்புத் தண்ணீரானாலும் போதும் என்று சொல்லும். அதற்கு, டாக்டர் சொன்ன நேரத்தில், சொன்ன அளவில், சொன்ன ஆகாரத்தைக் கொடுக்கவேண்டும். இரண்டாவது, வாய்ப் பசி. அது திடீரென்று வரும்; ஒரு குறிப்பிட்ட பண்டத்தையே கேட்கும். பஸ் நிலையத்து வாசனையில் பிறந்தது பெரும்பாலும் இதுதான். அதற்குக் கால் மணி நேரம் தவணை சொல்லி, ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் குடித்து, எழுந்து நடந்தால் பல சமயம் தானே போய்விடும். மூன்றாவது, மனப் பசி. வருத்தம் வந்தபோதெல்லாம் தட்டில் ஆறுதல் தேடியவர்களுக்கு, தட்டைச் சிறிதாக்கினபின் அந்த வருத்தம் போகுமிடம் தெரியாமல் நிற்கும். அதற்கு மருந்து மனிதரிடம் இருக்கிறது: உட்கார்ந்து கேட்கும் ஒரு சகோதரி, ஒரு சிநேகிதர், வேண்டுமானால் மனநல வைத்தியர்.

அர்ச். அகுஸ்தீன் தம் வாழ்க்கையைச் சொல்லும் "கொன்ஃபெஸியோனெஸ்" என்னும் நூலின் பத்தாம் புத்தகத்தில் இந்தப் போராட்டத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மற்றத் தீய பழக்கங்களை ஒரே வெட்டாக வெட்டிவிடலாம்; ஆனால் உணவை அப்படி விட முடியாது; தினமும் உண்ணவும் வேண்டும், தினமும் அடங்கவும் வேண்டும் என்பது அவர் கண்ட கஷ்டம். உணவை மருந்தைப்போல் எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். ஆபரேஷன் ஆனவருக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை ஏது? மருந்தை ஆசைக்காகக் கூட்டிக் குடிப்பதும் தவறு. அலுப்பினால் குடியாமல் விடுவதும் தவறு.

இவ்விடத்தில் பக்தியுள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "எப்படியும் சாப்பிட முடியவில்லை, இதை ஒருசந்தியாக்கி இன்னும் குறைத்துவிடலாம்" என்று சிலருக்குத் தோன்றும். அது கூடாது. சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்திக் கடன் 18 வயது நிறைந்தவர்கள்முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கு உண்டென்றாலும், நோயாளிகள் அதற்குக் கட்டுப்பட்டவர்களல்லர். தேவநற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் காக்கும் ஒருசந்தியைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை. நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஆகையால் பூசைக்கு வரும்போது தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் கொண்டுவர வெட்கப்படவேண்டாம். இந்த நோயாளிக்குப் புரதம் குறைந்தால் உடல் தளர்ந்துபோகும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பி12 முதலியவற்றை ஆயுள் முழுவதும் டாக்டர் சொற்படி எடுக்கவேண்டும். விடாமல் வாந்தி இருந்தால் பி1 சத்துக் குறைந்து சில வாரங்களிலேயே நரம்பும் மூளையும் கெடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பசியைத் தாங்குவது இவருக்குத் தபசானால், பசியாத வேளையிலும் சொன்னபடி உண்பது அதைவிடப் பெரிய தபசு.

"இவ்வளவு ஏன்? வாயைக் கட்டத் தெரியாதவர்கள் கத்தியைத் தேடிப் போகிறார்கள், இது குறுக்கு வழி" என்று பேசுவாரும் உண்டு. இப்படிப் பேசுகிறவர் கண் மங்கினால் கண்ணாடி போடுகிறார். பல் வலித்தால் பிடுங்கிக்கொள்கிறார். அங்கே மனவலிமையைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. உணவைக் குறைத்து உடம்பை இளைக்கச் செய்தால் கிரெலின் ஏறிப் பசியை அதிகமாக்குகிறது என்று 2002-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. இளைத்தவர் மறுபடி பருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வைத்தியத்திற்கும் ஆபத்துகள் உண்டு. அது வேண்டுமா வேண்டாமா என்பதை நோயாளியும் வைத்தியரும் ஆராய்ந்து முடிவு செய்யட்டும். அயலாருடைய தட்டை எண்ணும் வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை.

நமக்குக் கொடுக்கப்பட்ட வேலை வேறு. நம் சீமை பஞ்சம் கண்ட சீமை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின் பேச்சு நம் தாத்தாக்களின் காலம்வரை வீடுகளில் நின்றது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராயிருந்த 1950-களில், பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்காக மதிய உணவுத் திட்டம் வந்தது. பசியை இப்படி அறிந்த ஜனங்களாகையால் வந்தவரை உண்ணச் சொல்வது நமக்கு அன்பின் முதல் வார்த்தை. வேண்டாமென்றால் மனம் நோகிறோம். "ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது" என்று ஊட்டப் போகிறோம். ஆனால் அந்த ஒரு வாய்ப் பால்கோவா, முக்கியமாகப் பைபாஸ் ஆபரேஷன் செய்தவருக்கு, நெஞ்சு படபடத்து வியர்த்து மயக்கம் வரச் செய்யலாம். ஊட்டுவது அன்பாயிருந்தது போல, இப்போது ஊட்டாமல் இருப்பதும் அன்புதான். அவர் முன் இனிப்புப் பொட்டலத்தைப் பிரிக்காதிருங்கள். கலியாணப் பந்தியில் அவர் இலையைப் பார்த்து விசாரணை செய்யாதிருங்கள். "எத்தனை கிலோ குறைந்தது?" என்று கேட்பதை விட்டு, "சுகமாயிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். சிறு கிண்ணத்தில் அவர் மெதுவாகச் சாப்பிட அரை மணி ஆனால் அந்த அரை மணியும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. எந்த ஊரில் எவருடைய காயத்தைக் கட்டப் போகிறோம் என்று நெய்கிறவர்களுக்குத் தெரியாது. காயம் எப்படி வந்தது என்று அந்தத் துணி கேட்பதுமில்லை. நம் வார்த்தைகளும் அப்படி இருக்கக்கூடாதா?

அந்தப் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுப் புறப்படுகிறது. அந்தத் தாய் கைப்பையிலிருந்து தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடிக்கிறாள். பசி இன்னும் இருக்கிறது, இராஜபாளையம் வரையிலும் இருக்கும், நாளைக்கும் வரும். அவள் அதைத் தாங்கிக்கொள்வாள். ஆனால் பசியோடு வெட்கத்தையும் சேர்த்து அவள் சுமக்கவேண்டியதில்லை. அந்தச் சுமையை இறக்கி வைக்க அவளுக்குக் கைகொடுப்போமாக.