வளையத்துக்கு உடையவர்

மார்கழி விடியற்காலை நான்கு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தருகே நின்று தெற்கே பார்த்தால், மேலைநாட்டார் 'வேலா' என்று பெயரிட்ட, பாய்மரம் போன்ற நட்சத்திரக் கூட்டம் தெரியும். அதற்குள்ளே வெறுங்கண்ணுக்கு அகப்படாத ஒரு புகைவளையம் இருக்கிறது. 1835-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஜான் ஹெர்ஷல் கண்டது. 'கோள் நெபுலா' என்பார்கள். கோளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாகிற நட்சத்திரம் உதறிய மேலாடை அது. 2000 ஒளியாண்டுக்கும் மேற்பட்ட தொலைவு. ஆண்டாள் பிறக்குமுன்பே புறப்பட்ட வெளிச்சம்!

நடுவில் இரண்டு நட்சத்திரங்கள். பளிச்சென்றிருப்பதுதான் வளையத்துக்கு உடையது என்று யாரும் நினைப்பார்கள். உண்மையில் தன்னை உதறிக் கொடுத்தது பக்கத்திலுள்ள மங்கல் நட்சத்திரம். வளையம் ஒளிர்வதும் அதன் கதிர்களால்தான். அதைத் தூசி மூடியிருக்கிறது என்பதே 2022-இல் வெப் தொலைநோக்கி எடுத்த படத்தில்தான் தெரிந்தது.

இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் இரவு வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தவர் என் அண்ணன். இன்று அவரை 'எழுத்தாளரின் அண்ணன்' என்கிறார்கள். அது பொறுக்காமல் ஒரு பாராட்டுக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஆனால் அது எனக்குத்தான் விழுந்தது.

"என்னடா, சபையிலே என் கணக்கை விரித்துவிட்டாயே!" என்று வீட்டில் வருத்தப்பட்டார் அண்ணன். நான் தீர்த்தது அவர் கடனையா, என் மன உறுத்தலையா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சென்ற மார்கழியில் அவருக்குத் தொலைநோக்கியில் அந்த வளையத்தைக் காட்டினேன்.

"நடுவிலே மின்னுகிறதே, எல்லாம் அதன் வேலைதானா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை.