கடைசி ஸ்லைடு

போன வருஷம் ஒரு ரிவ்யூவுக்கு 22 ஸ்லைடு தயாரித்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு, ஆனா கதையா வரலையே" என்றார். உட்கார்ந்து செதுக்கி 9 ஆக்கினேன். டேட்டாவைப் புது சிஸ்டத்துக்கு மாற்றும்போது சிக்கல் வந்தால் பழையதற்குத் திரும்பும் வழியை நாங்கள் சோதித்திருக்கவில்லை. அந்த வரி ஓட்டத்தைக் கெடுத்தது. கடைசி ஸ்லைடுக்குத் தள்ளினேன். அதுவரை போகாமலேயே ஒப்புதல் கிடைத்தது, கைதட்டலோடு.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை ராத்திரி சிக்கல் வந்தது. விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்தவன் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன். "அண்ணா, இது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான். "ஸ்லைடுல போட்டிருந்தேனே" என்றேன். சொல்லும்போதே கூசியது. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துத்தான் உண்மையை வைத்திருந்தேன்.

2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது, வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. ஆபத்தை ஆராய்ந்த பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். அதில் ஒன்றின் தலைப்பு ஆறுதலாக இருந்தது. மோதிய துண்டு, பழைய சோதனைகளில் பயன்பட்டதைவிட சுமார் 640 மடங்கு பெரியது என்பதற்கான கணக்கு, அதே ஸ்லைடின் அடியில் சின்ன எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தார்கள். விபத்துக்கு அந்த ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஒரு ஸ்லைடுக்குத் தனியாக இடம் ஒதுக்கியது.

'விஷயம் இருந்தால் போதும், அலங்காரம் எதற்கு?' என்று எங்களைப் போன்ற இன்ஜினியர்கள் சொல்வதுண்டு. அதுவும் தப்பித்தல்தான். என் 22 ஸ்லைடு வடிவத்தில் அந்த வரி 17-ஆவது ஸ்லைடில் இருந்தது. அங்கேயும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எதை முதலில் சொல்கிறோம், எதைப் பெரிதாக எழுதுகிறோம் என்பதும் விஷயத்தில் சேர்ந்ததே. திருக்குறளில் 'அமைச்சு' அதிகாரத்துக்கு அடுத்ததாகவே 'சொல்வன்மை' வருகிறது. முடிவெடுப்பவருக்கு ஆலோசனை சொல்பவனுக்குப் பேச்சு ஒரு பொறுப்பு என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

எனக்கு ஊர் பண்ருட்டி. மாமா பலாப்பழ வியாபாரம் செய்தார். பலாவை வெளியிலிருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. தட்டிப் பார்ப்பவர் பேச்சை நம்பித்தான் வாங்கணும். மாமா வாய்க்காகவே ஆட்கள் நிற்பார்கள். ஆனால் பேச்சை இப்படித்தான் ஆரம்பிப்பார்: "இது ஒரு பக்கம் அடிபட்டிருக்கு. இன்னிக்கே அறுத்துடணும், நாளைக்கு வச்சா என்னைத் திட்டுவீங்க." அதற்கப்புறம்தான் சுளை, தித்திப்பு எல்லாம். சிலர் வாங்காமல் போவார்கள். 'போகட்டும்' என்பார்.

கேட்பவரின் முடிவை மாற்றக்கூடிய விஷயம் எதுவோ அது முதலில் வரணும். கதை, நகைச்சுவை, அழகான படம் எல்லாம் அதை நன்றாகக் கேட்க வைப்பதற்குத்தான்.

அடுத்த ரிவ்யூவில் சோதிக்காத விஷயத்தை முதல் ஸ்லைடில், பெரிய எழுத்தில் போட்டேன். ரூம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ரிலீஸ் இரண்டு வாரம் தள்ளிப்போனது. யாரும் கைதட்டவில்லை. அந்தப் பையன் மட்டும் அந்த ஸ்லைடைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.