கண்ணுக்குத் தெரியாத ஆவி

நொய்யல் ஆற்றுக்கு இழைக்கப்பட்ட தீமையை மறைக்க முடியவில்லை. அதற்கு நிறம் இருந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீரைக் கீழ்ப்பகுதி உழவர்கள் கைநீட்டிக் காட்ட முடிந்தது, வழக்காடவும் முடிந்தது. 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு அவ்வழக்கு வளர்ந்தது. வீரபாண்டியில் உள்ளதைப் போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்று ஊராருக்குப் பழகிய செய்தி. ஆனால், நிறமே இல்லாத தீமைக்கு யார் சாட்சி சொல்வது?

வீரபாண்டிப் பிரிவில், பல்லடம் சாலையோரம் காலை நேரத்தில் சற்று நின்று பாருங்கள். பனியன் கம்பெனிகளுக்கு விரையும் இருசக்கர வண்டிகள் பெட்ரோல் பங்குகளில் வரிசைகட்டி நிற்கும். அங்கே தரைக்கடியில் ஒரு தொட்டி இருக்கிறது. அதில் பெட்ரோல் குறையக் குறைய, வெற்றிடத்தைப் பெட்ரோலின் ஆவியும் காற்றும் நிரப்புகின்றன. டேங்கர் லாரி வந்து 12,000 லிட்டரை இறக்கும்போது, ஏறத்தாழ அதே கன அளவுள்ள ஆவிக்கலவை வெளியேறியாக வேண்டும். தடுப்பு ஏதும் இல்லையேல், உயரமான குழாய் வழியாக அது காற்றில் கலக்கிறது. வண்டியின் தொட்டியை நிரப்பும்போதும் இதுவே நிகழ்கிறது. அப்போது ஆவி எழுவதோ, குனிந்து குழாயைப் பிடித்திருப்பவரின் முகத்துக்கு நேரே. (ஆவி என்றதும் நம் செவிகளில் வேறொரு புனிதப் பொருள் ஒலிக்கும், இந்த ஆவி உயிர் தருவதன்று.)

தடுக்கும் வழி எளியதே. இறக்கும் வேளையில் இன்னொரு குழாய் மூலம் ஆவியை லாரிக்கே திருப்பி அனுப்புவது முதல் நிலை. வண்டிக்கு நிரப்பும்போது எழும் ஆவியைக் குழாய்முனையிலேயே உறிஞ்சி, தரையடித் தொட்டிக்குக் கொண்டுசெல்வது இரண்டாம் நிலை. இருகூர் போன்ற இடங்களிலுள்ள பெரிய எண்ணெய்க் கிடங்குகளில் வேறொரு முறை உண்டு. பெட்ரோலின் மேலேயே மிதந்து, அதனோடு ஏறி இறங்கும் கூரையை அமைப்பார்கள். ஆவி சேர இடமே இராது. ஆவி மேகமாய்த் திரண்டால் என்ன ஆகும் என்பதை 2009 அக்டோபர் 29 அன்று செய்ப்பூர் கண்டது. அங்கே எண்ணெய்க் கிடங்கில் கசிந்த பெட்ரோலின் ஆவி தீப்பற்றி வெடித்ததில் பதின்மருக்கு மேல் மாண்டனர்.

வெடிப்பைச் செய்தித்தாள் எழுதும். மெல்ல நுழையும் நஞ்சை எழுதாது. பெட்ரோலில் பென்சீன் உண்டு. இன்றைய பி.எஸ். 6 தரத்தின்படி அது 1 சதவீதத்தைத் தாண்டலாகாது. அளவு சிறிதுதான். ஆயினும், மனிதருக்கு இரத்தப் புற்றுநோய் உண்டாக்குவது ஐயமற உறுதியான பொருள்களின் பட்டியலில் உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது.

சட்டம் உறங்கிவிடவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 சனவரியில் வெளியிட்ட நெறிமுறைப்படி, மாதம் 300 கிலோலிட்டர் பெட்ரோல் விற்கும் வாய்ப்புள்ள புதிய பங்குகள் ஆவிமீட்புக் கருவியை அமைத்தாக வேண்டும். பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர்.

மாதம் 300 கிலோலிட்டர் என்றால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர். அப்படியானால் ஒன்பதாயிரம் லிட்டர் விற்கும் பங்கில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணின் மூச்சுக்கு யார் பொறுப்பு? நிருவாகத்துக்கு எல்லைக்கோடு தேவை, மறுக்கவில்லை. எங்காவது ஓரிடத்தில் கோடு போட்டே ஆகவேண்டும். அந்தக் கோட்டை மனச்சான்றின் கோடாகவும் எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். லூக்கா நற்செய்தியில் வரும் செல்வர் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ எங்கும் சொல்லப்படவில்லை. எந்தச் சட்டத்தின்படி அவரைக் குற்றவாளி என்பது? வாயிலில் கிடந்தவரை அவர் பொருட்படுத்தவில்லை, அவ்வளவே. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் அறிக்கையிடும் பாவங்களில் செய்யத் தவறியவையும் சேர்ந்திருப்பது வெறும் சொல்லழகுக்காக அன்று.

பங்கு நடத்துபவருக்கும் ஒரு நியாயம் உண்டு. லிட்டருக்குக் கிடைக்கும் சிறு தரகில் கூலி, மின்சாரம், கடன் எல்லாம் கழிய வேண்டும். அவர்மீது முழுச்சுமையையும் ஏற்றுவது நீதியாகாது. பெரும்பாலான பங்குகளில் தொட்டியும் கருவிகளும் எண்ணெய் நிறுவனங்களுக்கே உரியவை; எனவே செலவும் அவற்றையே சாரும் என்பது எம் கருத்து. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை, வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-லேயே ஏற்றுக்கொண்டது. அது தோலுக்கும் சாயத்துக்கும் மட்டும் உரியதன்று. மீட்கப்படும் ஆவி மீண்டும் பெட்ரோலாகிறது என்பதால் இதில் ஓரளவு இலாபமும் உண்டு. ஆனால் இலாபம் இருப்பதால்தான் செய்ய வேண்டும் என்று வாதிட நமக்கு மனம் வரவில்லை.

வாடிக்கையாளரின் பங்கும் சிறிதன்று. தொட்டி நிறைந்ததும் குழாய்முனை தானாகவே 'டக்' என்று நின்றுவிடும். அதன்பிறகும் "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா, முந்நூறு ஆகட்டும்" என்பவர்கள் உண்டு. அந்தக் கொஞ்சத்துக்காக அவர் மீண்டும் குனிகிறார். முகத்தில் கட்டிய துணி தூசியைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. லாரி வந்து நிற்கும்போது இரண்டு குழாய்கள் பொருத்தப்படுகின்றனவா, ஒன்றுதானா என்று பார்க்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒன்றுதான் என்றால், ஏன் என்று கேட்கலாம்.