வெட்டிய இடம்

நாலு டெராபைட் வன்தட்டில் நூறு ஜிபிகூட மிச்சமில்லை என்று கணினி எச்சரித்த இரவில்தான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு இது பழகிய வேலைதான். இயங்குதளமும் மென்பொருளும் ஒரு எஸ்எஸ்டியில். கேஷ் கோப்புகள் இன்னொரு எஸ்எஸ்டியில். அவை அழிந்தாலும் மென்பொருள் திரும்ப உருவாக்கிக்கொள்ளும். இப்போது வேலை நடக்கும் படம் மூன்றாவதில். முடிந்துபோனவை எல்லாம் மலிவான, மெதுவான, சுழலும் வன்தட்டுக்கு.

இதுவரைக்கும் பொறியியல். எங்கே வைப்பது என்பதற்கு விடை உண்டு. எதை அழிப்பது என்று கேட்டதும் நான் நின்றுவிட்டேன்.

'பாட்டி 03' என்றொரு கோப்பு. நான்கு வருடத்துக்கு முன்பு சுங்கை பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில், பால்மரம் சீவியே வாழ்நாளைக் கழித்த ஒரு பாட்டியிடம் மூன்று மணி நேரம் பேசிப் பதிவு செய்தேன். என் கேமராவில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மொத்தம் 135. அதிலிருந்து வந்த படம் வெறும் 14 நிமிடம்.

மூன்றாவது கோப்பில் பாட்டி ஆறு நிமிடம் தன் குடும்பத்தைப் பற்றி ஒன்றைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் கேமராவை அப்போதுதான் பார்த்தவர்போல நிமிர்ந்தார். "தம்பி, இத வெட்டிடுய்யா. யாரும் கேக்க வேணாம்." சரி பாட்டி என்றேன். படத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியபோது மறக்காமல் கேட்டார், "வெட்டிட்டியா?" "வெட்டிட்டேன் பாட்டி." போன வருடம் பாட்டி இறந்துபோனார்.

நான் சொன்னது பொய்யா? எடிட்டிங் மென்பொருளில் 'வெட்டு' என்பது மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை. டைம்லைனில் எங்கிருந்து எதுவரை காட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் மாறுகிறது. என் வேலையின் மொழியில் நான் வெட்டிவிட்டேன். பாட்டியின் மொழியில் வெட்டவே இல்லை. இது எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்துக்குள் நான் ஒளிந்துகொண்டேன். சொல் உண்மையாக இருந்தும் கேட்டவர் ஏமாந்தார் என்றால் அதற்குப் பொய் என்றுதான் பெயர்.

அதோடு விடவில்லை. புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 விதியை ஒழுங்காகப் பின்பற்றுபவன் நான். மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில். பாட்டியின் ரகசியம் என் மேசையில், அக்கா வீட்டு அலமாரியில், மேகச் சேமிப்பில் என்று மூன்று இடத்தில் பத்திரமாக இருந்தது. நான் எவ்வளவு கவனமாகப் பாதுகாத்தேனோ, அவ்வளவு கவனமாக வாக்கை மீறியிருக்கிறேன்.

நண்பரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டார். "தோட்டத்து சனங்களோட கதைய யாரு எழுதி வச்சிருக்கா? கிடைச்ச ஆறு நிமிஷத்தையும் அழிப்பியா?" அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிபிசி 1960களிலும் 70களிலும் வீடியோ நாடாக்களைத் திரும்பப் பயன்படுத்த பழைய நிகழ்ச்சிகளை அழித்தது. 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகள் அப்படித்தான் போயின. நடராஜ முதலியாரின் மௌனப்படம் 'கீசக வதம்' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அழிந்ததை நினைத்து வருந்தும் சமூகத்திடம் அழிக்கச் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் ஒன்றை யோசித்தேன். அங்கே எல்லாம் இனி யாருக்கும் வேண்டாம் என்று நினைத்தோ, நினைக்காமலோ இழந்தார்கள். படத்தில் இருந்தவர்கள் யாரும் அழிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இங்கே சொன்னவரே கேட்டிருக்கிறார். வாழ்நாள் முழுக்க எந்த லயத்தில் இருப்பது, எத்தனை மணிக்கு எழுவது என்று மற்றவர்கள் முடிவுசெய்த ஒரு பெண், தன் கதையில் எது வெளியே போகலாம் என்பதை மட்டும் தானே முடிவுசெய்தார். வரலாறு என்ற பெயரில் அதையும் நான் பிடுங்கிக்கொண்டால், அவருடைய வரலாற்றைக் காப்பாற்றியவன் ஆவேனா?

நாளைக்குப் பேத்தி வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்பதற்கு இன்னமும் என்னிடம் முழுமையான பதில் இல்லை. பாட்டி கேட்டதைச் செய்தேன் என்று சொல்லலாம். அது போதாமல்கூட இருக்கலாம்.

செய்தேன். அந்த ஆறு நிமிடத்துக்கு முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் தனித்தனிக் கோப்பாகப் பிரித்தெடுத்துவிட்டு, மூலக் கோப்பை அழித்தேன். சுழலும் வன்தட்டில் அழிப்பது என்றால் பொதுவாக அட்டவணையிலிருந்து பெயரை எடுப்பது மட்டும்தான். வேறொன்று மேலே எழுதப்படும்வரை தரவு அங்கேயே கிடக்கும். அதனால் காலி இடம் முழுவதையும் மேலெழுத வைத்தேன். ப்ராக்சி, கேஷ், தனியாக எடுத்துவைத்த ஒலி என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். அக்கா வீட்டுக்குப் போனேன். மேகச் சேமிப்பின் குப்பைக்கூடையையும் காலி செய்தேன்.

இரண்டு கோப்புக்கும் நடுவில் ஒரு சிறு குறிப்புக் கோப்பு வைத்திருக்கிறேன்: "இங்கே ஆறு நிமிடம் இருந்தது. பேசியவர் கேட்டுக்கொண்டதால் அழிக்கப்பட்டது." என்ன இருந்தது என்று அதில் இல்லை. இந்தக் கட்டுரையிலும் இல்லை.

வன்தட்டில் கிடைத்தது நாலரை ஜிபி. புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும்.