ஒரே கொதியில் ஒன்பது அறைகள்

பலர் கூடி வாழும் இடத்தில் இணக்கம் என்பது வேறுபாடுகள் மறைந்துபோவதா, அல்லது அவை தத்தம் இடத்தில் நின்று ஒன்றையொன்று நிறைவு செய்வதா என்னும் வினா, சீன மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். தம் அவையினருள் ஒருவர் மட்டுமே தம்மோடு இணங்கி நடப்பதாகச் சி நாட்டு மன்னர் ஜிங் மகிழ்ந்தபோது, அது இணக்கமன்று, வெறும் உடன்பாடே என்று அமைச்சர் யான் யிங் மறுத்ததை, 'ஸுவோ ஜுவான்' என்னும் பண்டைய வரலாற்று நூல் கி.மு. 522ஆம் ஆண்டின் கீழ்ப் பதிவு செய்கிறது. நீர், நெருப்பு, புளிக்காடி, உப்பு ஆகியவற்றைச் சமையற்காரர் குறைந்ததைக் கூட்டியும் மிகுந்ததைக் குறைத்தும் சமன்செய்வதால்தான் குழம்பு சுவை பெறுகிறது என்றும், அவ்வாறே மன்னரின் கருத்தில் உள்ள பிழையை எடுத்துரைப்பவரே அவரோடு உண்மையில் இணங்குபவர் என்றும் அவர் விளக்கினார்.

இக்கருத்தைக் கண்ணெதிரே காட்டும் உணவு, தென்மேற்குச் சீனாவின் சோங்சிங் நகரத்து ஹாட் பாட் ஆகும். மாட்டுக்கொழுப்பில் காய்ந்த மிளகாயும், நாவை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகும், நொதிக்கவைத்த அவரைச் சாந்தும் வதக்கிச் சேர்த்த செந்நிறக் குழம்பு மேசை நடுவே கொதிக்க, உண்பவர்கள் இறைச்சியையும் காய்களையும் தாங்களே அதில் இட்டு வேகவைத்துக்கொள்கின்றனர். மரபான பாத்திரத்தில் ஒன்பது அறைகள் கொண்ட சட்டம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கொதி மிகுந்த நடு அறையில் சில நொடிகளில் வெந்துவிடும் மாட்டு இரைப்பையும், அனல் குறைந்த மூலை அறைகளில் நெடுநேரம் வேக வேண்டிய பொருள்களும் இடப்படுகின்றன. சட்டத்தின் அடி திறந்திருப்பதால் அறைகள் வேறாயினும் குழம்பு ஒன்றே.

எனினும், காரம் ஒன்றே ஓங்கி மற்றச் சுவைகளை அடக்கிவிடும் இடத்தில் இணக்கம் எங்கே என்று கேட்பது நியாயமே. மிளகாயிலுள்ள காப்சைசின் சுவை அரும்புகளை அன்றி, வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளையே தூண்டுகிறது. ஆகவே காரம் தாங்காதவரை ரசனையற்றவர் என்று ஒதுக்குவது முறையாகாது. இணக்கம் எங்கே என்னும் அக்கேள்விக்கு அந்த மேசையே இரு விடைகளை வைத்திருக்கிறது. ஒவ்வொருவர் முன்னும் உள்ள, பூண்டு சேர்த்த நல்லெண்ணெய்க் கிண்ணம், வெந்ததைத் தோய்த்து உறைப்பை அவரவர் தாங்கும் அளவுக்குத் தணித்துக்கொள்ள இடமளிக்கிறது. நடுவே தடுப்பு வைத்து ஒரு புறம் காரக் குழம்பும் மறுபுறம் காரமற்ற குழம்பும் ஊற்றப்படும் யுவான்யாங் பாத்திரமோ, காரம் வேண்டாதவரையும் அதே மேசையில் அமர்த்துகிறது.

அத்தடுப்பைப் பிரிவினையின் அடையாளமாகக் கொள்வோர் உண்டு. யான் யிங்கின் அளவுகோலால் நோக்கினால், மறுப்புக்கு விடப்பட்ட இடமே அது. குடும்பமாயினும் சமயமாயினும் நாடாயினும், 'எனக்கு இது இயலாது' என்பவரை எழுந்து போகச் செய்யும் ஒற்றுமை வெறும் உடன்பாடே. அவருக்கும் ஓர் இருக்கையும் அவருக்கேற்ற உணவும் தருவதே இணக்கம்.