ஆசிரியர் வழிபாடும் அறத்தின் எல்லையும்

முன்னுரை

பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவரிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறார் என்னும் ஐயம் எழும்போது, அதனை அறிந்தவர் பேசுவதா, வாளாவிருப்பதா என்பது அறம் சார்ந்த வினாவாகும். தயங்குவோர் இரு காரணங்களைக் கூறுவர். ஆசானைக் குறைகூறல் ஆகாது என்பது ஒன்று. உறுதிப்படாததை உரைத்தல் புறங்கூறலாகிவிடும் என்பது மற்றொன்று. மரபின் பெயரால் கூறப்படும் இவை மரபோடு பொருந்துவனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழிபாட்டின் எல்லை

பவணந்தியாரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் மாணவர் ஆசிரியரிடம் ஒழுகும் முறையைத் தீ, நிழல் ஆகிய உவமைகளால் விளக்குகிறது. ஆசிரியர் மகிழுமாறு நடத்தலை வழிபாடு எனக் கூறும் அந்நூல், அந்நடத்தை அறத்தினின்று திரியாததாக இருத்தல் வேண்டும் என்றும் வரையறுக்கிறது. எனவே, ஆசிரியரின் உவப்பு அறத்திற்கு உட்பட்டதேயாகும். மேலும், ஆசிரியராகத் தகாதவரின் இயல்புகளையும் அந்நூல் தனியே தொகுத்துரைக்கிறது. இழிகுணம், வஞ்சனை ஆகியவற்றோடு கேட்போர் அஞ்சுமாறு பேசுதலும் அவற்றுள் ஒன்று. மதிப்பு பதவிக்கு உரியதன்று, பண்புக்கு உரியது என்பது இதனால் பெறப்படும்.

புறங்கூறலும் முறையிடலும்

திருக்குறள் 19ஆம் அதிகாரத்தில் கடியும் புறங்கூறல், ஒருவரைக் காணாவிடத்து இழித்துரைப்பதாகும். முறையிடல் அத்தகையதன்று. அது கண்டதையும் கேட்டதையும் மிகைப்படுத்தாமல், தீர்க்கும் கடமையுடையவரிடம், குழந்தையைக் காக்கும் நோக்கத்தோடு உரைப்பது. ஆசிரியர் அறையில் பலரும் தமக்குள் முணுமுணுத்துவிட்டு, பொறுப்புடையவரிடம் ஒருவரும் சொல்லாதிருப்பதே புறங்கூறலுக்கு நெருக்கமானது.

சட்டத்தின் நிலை

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் (போக்சோ) இவ்வேறுபாட்டை ஏற்கிறது. அதன் 19ஆம் பிரிவின்படி, குற்றத்தை அறிந்தவர் மட்டுமன்றி, அது நிகழக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர இயலாது. தெரிவிக்கத் தவறுவோர்க்கு 6 மாதம் வரையிலும், தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவர்க்கு 1 ஆண்டு வரையிலும் சிறைத் தண்டனை விதிக்க 21ஆம் பிரிவு இடமளிக்கிறது. காழ்ப்பினால் பொய் புனைபவரைத் தண்டிக்க 22ஆம் பிரிவு உண்டு. ஆயினும் பொய்த் தகவலுக்காகக் குழந்தையைத் தண்டித்தல் இல்லை.

ஒரு தடை

பொய்ப்பழி ஓர் ஆசிரியரின் வாழ்வையே அழித்துவிடும் என்னும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், முறையிடுபவர் தீர்ப்பு வழங்குவதில்லை, உசாவலைத் தொடங்கிவைக்கிறார். அவர் ஐயத்தை ஐயமாகவே உரைத்தலும், ஊரறியப் பரப்பாமையும் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்குச் செய்யும் நீதியாகும். உசாவலில் ஆசிரியர்க்குத் தம் தரப்பைக் கூற வாய்ப்புண்டு. பிறர் மௌனத்தால் கைவிடப்பட்ட குழந்தைக்கோ அவ்வாய்ப்பும் இல்லை.

முடிவுரை

ஆசிரியர் வழிபாடு அறத்தை எல்லையாகக் கொண்டது. அவ்வெல்லை மீறப்படுகிறது என ஐயுறும்போது உரியவரிடம் உரைத்தல் மரபை மீறுவதாகாது. மரபு ஆசிரியர்க்கு வகுத்த இலக்கணத்தைக் காப்பதாகும். அச்சுமையைச் சிறுவர் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு, அறிந்த பெரியோர் வாளாவிருத்தல் நடுவுநிலைமை ஆகாது.